ஜெலுத்தோங்கில் ஏழு சதுரங்கள்

கூரையைப் பார்த்தபடி
நான்கு மணி நேரம் படுத்திருக்கிறவர்களுக்கு
ஒரு நிறம் வேண்டும் என்றார் திருமதி ஊய்.
வாரத்துக்கு மூன்று நாள்.
பதினோரு நாற்காலி, பதினோரு இயந்திரம்.

வெள்ளைதான் என்று நினைத்து வந்திருந்தேன்.
சுத்த வெள்ளை.
இரத்தத்தைச் சுத்தம் செய்கிற இடத்துக்கு
வேறென்ன அடிப்பது?

"வெள்ளை வேண்டாம்.
எங்கள் வீட்டில் ஆள் போனால்தான் வெள்ளை."

அன்று மாலை கடைசி ஆளும் கிளம்பிய பின்
ஆறாம் நாற்காலியைச் சாய்த்து
நானே படுத்துப் பார்த்தேன்.
குழல்விளக்கின் அருகே பழைய வெள்ளை
நீலம் பாரித்துக் கிடந்தது.
வெளுத்ததெல்லாம் பாலில்லை:
பள்ளியில் எழுதிப் பழகிய வரிதான்,
மல்லாந்து படுத்த பிறகே விளங்கியது.

மறுநாள் வெள்ளையைக் கெடுக்கத் தொடங்கினேன்.
ஒரு டின்னில் காவி, இரண்டு துளி.
ஒன்றில் மஞ்சள்.
எல்லாவற்றிலும் கறுப்பு, ஊசிமுனையளவு.
நம்ப மாட்டீர்கள்,
கறுப்பு சேராத வெளிர் நிறம்
ஓரிடத்தில் நிம்மதியாக உட்காராது.
விருந்தாளி போல
நாற்காலி நுனியிலேயே இருக்கும்.

கூரையில் ஏழு சதுரம், ஒவ்வொன்றும் இரண்டடி.

டின்னில் அச்சிட்டிருந்த பெயர்களைச் சொல்ல
வாய் கூசியது.
தேவதையின் மூச்சாம், பாலைவன விடியலாம்.
நானே வேறு வைத்தேன்:
நீர்மோர். சோயாப்பால். கஞ்சித் தெளிவு.
இளநீர். பார்லித் தண்ணீர்.
தேங்காய்ப்பால், இரண்டாம் பிழிவு.
ஏழாவதற்கு ஒன்றும் தோன்றவில்லை.
ஏழு என்றே விட்டுவிட்டேன்.

வியாழன் காலை வாக்கெடுப்பு.
தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை
உரக்க வாசித்தேன்.
சிரித்தார்கள்.
பிறகு சிரிப்பு எங்கோ நின்றது.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் லாரி ஓட்டிய சிங்காரவேலு
ஊசி ஏறிய கையை அசைக்காமல்
தலையை மட்டும் திருப்பினார்.
"எல்லாம் குடிக்கிற சாமானா வெச்சிருக்கியேம்மா.
எங்களுக்கு நாளைக்கு அரை லிட்டரு.
மாத்திரை முழுங்குறதும் அதுலதான்."

மக்சிக் ரொஹானாவுக்கு ஐஸ்கட்டிக் கணக்கு.
காலையில் இரண்டு, மாலையில் மூன்று,
வெயில் கூடினால் நாளைய கணக்கிலிருந்து
ஒன்று கடன்.

சொன்ன பெயர்களையெல்லாம்
திரும்ப விழுங்க முடிந்தால் விழுங்கியிருப்பேன்.
மாற்றிவிடுகிறேன், மாற்றிவிடுகிறேன் என்று
நின்ற இடத்திலேயே
காய்ந்தவையாகத் தேடினேன்:
முட்டை ஓடு, பூண்டுத் தோல்,
அரிசி மாவு, பழைய ரசீது...

"எதுக்கு மாத்தணும்?"
சிங்காரவேலு கூரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
"அஞ்சாவது என்ன சொன்னே, பார்லியா?
அதையே அடி.
கண்ணுக்கு யாரும் அளவு போடல."

எட்டுக் கைகள் உயர்ந்தன,
குழாய் இல்லாத கைகள்.
இரண்டு பேர் நல்ல தூக்கம்.
திரு. கூ மட்டும் சோயாப்பாலை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பூச்சு அடித்தோம்.
திரு. கூவின் நாற்காலிக்கு நேர் மேலே
அந்தச் சதுரத்தை மட்டும் மூடவில்லை.
அதற்காகத் திருமதி ஊய்
விலைப்பட்டியலில் பத்து வெள்ளி கழித்தார்.
நான் வாதாடவில்லை.

செவ்வாய் காலை, அவர்கள் முறை வந்தபோது
வாசலோரம் நின்று பார்த்தேன்.
இப்போது விளக்கொளி கூரையில் பட்டு
மெதுவாகத் திரும்பி வந்தது.
குழாய்களின் சிவப்பும்
முன்போல் கத்தவில்லை.
யாரும் பாராட்டவில்லை, நிறத்தைப் பற்றிப் பேசவுமில்லை.
சிங்காரவேலு மல்லாந்து கிடந்தார்,
வாய் சற்றே திறந்தபடி.

வெளியே பதினோரு மணி வெயில்.
என் பையில் தண்ணீர் பாட்டில்.
கண்ணாடிக் கதவைத் தாண்டி,
மோட்டார் சைக்கிள் வரிசையையும் தாண்டி,
சுவர் மறைவுக்குப் போன பிறகுதான்
மூடியைத் திருகினேன்.